வாசகர் கேள்வி–பதில்: இயங்குதளம் மாறும்போது ஹீப் நினைவகம்

சி, சி++ மொழிகளில் எழுதிய நிரல்களை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கும் மாற்றிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ஹீப் நினைவகத்தைப் பற்றியவை. அதாவது, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இத்தனை பைட் வேண்டும் என்று மாலக் என்ற செயற்கூறிடம் (ஃபங்ஷன்) கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் ஃப்ரீ வழியாகத் திருப்பிக் கொடுக்கும் இடத்தைப் பற்றியவை. ‘பழைய கணினியில் பல ஆண்டுகள் ஓடிய நிரல் இது, ஆகவே புதிய இயங்குதளத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் பல கடிதங்களில் தெரிகிறது. நான் பார்த்தவரையில், அநேகமாக எப்போதும் பிழை பழைய நிரலிலேயே இருந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். முகவரிப் பட்டியல் வைத்திருக்கும் எங்கள் நிரலை, 32-பிட் விண்டோஸிலிருந்து 64-பிட் லினக்ஸ் சர்வருக்கு மாற்றினோம். பழைய 8-பிட் தமிழ் எழுத்துருக் குறியாக்கத்தைக் கைவிட்டு யூனிகோடுக்கும் வந்துவிட்டோம். இப்போது திருச்சி, தருமபுரி, அரியலூர் ஆகிய ஊர்கள் உள்ள பதிவுகளைச் சேமித்தால் சற்று நேரத்தில் நிரல் விழுகிறது. மதுரை, சேலம், திருப்பூர், தூத்துக்குடி ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. பெயரைச் சேமிக்கும் பகுதியில், ஸ்டிர்லென் கொண்டு நீளத்தை அளந்து, அந்த அளவை மாலக்கிடம் கேட்டு வாங்கி, ஸ்டிர்காப்பி கொண்டு நகலெடுக்கிறோம். வேறொன்றும் செய்யவில்லை. — ஒரு வாசகர், திருச்சி

பதில்: எந்தெந்த ஊர்களில் விழுகிறது, எவற்றில் விழவில்லை என்று இவ்வளவு கவனமாகக் குறித்து அனுப்பியதற்கு நன்றி. விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. யூனிகோடில் ‘திருச்சி’ என்பது த, இகரக் குறி, ர, உகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி என 8 குறியெண்களால் ஆனது. யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் தேவை. ஆக மொத்தம் 24 பைட். தருமபுரியையும் அரியலூரையும் இதேபோல் எண்ணிப் பாருங்கள். அவையும் 8 குறியெண்கள், 24 பைட். மதுரையும் சேலமும் 15 பைட், திருப்பூர் 30, தூத்துக்குடி 36.

சி மொழியில் ஒவ்வொரு சரத்தின் கடைசியிலும் அதன் முடிவைக் காட்டும் ஒரு சுழிய பைட் இருக்கும். ஸ்டிர்லென் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்டிர்காப்பியோ அதையும் சேர்த்தே எழுதும். ஆகவே உங்கள் நிரல் ஒவ்வொரு பெயருக்கும், எந்த ஊராக இருந்தாலும், ஒரு பைட் குறைவாகக் கேட்டு வாங்கி, வாங்கியதற்கு அப்பால் ஒரு பைட் எழுதிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மதுரை ஏன் தப்பியது? லினக்ஸில் பெரும்பாலும் உள்ள குனு சி நூலகமான ஜிலிப்சி, 64-பிட் கணினியில் 24, 40, 56, 72 என்று 16 பைட் இடைவெளியில்தான் இடம் தரும். 15 பைட் கேட்டால் 24 கிடைக்கும். எல்லை மீறிய சுழியம் யாருக்கும் தொல்லை இல்லாமல் அந்த உபரியில் விழுந்துவிடும். 30, 36 ஆகியவற்றுக்கு 40 கிடைக்கும். 24 கேட்டால் மட்டும் சரியாக 24 கிடைக்கும். அதில் உபரி என்பதே கிடையாது.

அந்த 25-ஆவது பைட் இருக்கும் இடத்தில், அடுத்த நினைவகத் துண்டின் அளவை ஜிலிப்சி குறித்து வைத்திருக்கிறது. இன்டெல் வகைச் செயலிகளில் எண்ணின் மிகச் சிறிய பகுதிதான் முதலில் வரும் என்பதால், உங்கள் சுழியம் அந்த அளவின் கடைசி பைட்டை அழித்துவிடுகிறது. அடுத்த துண்டு சிறியதாக இருந்தால் அதன் அளவே சுழியம் என்றாகிவிடும். அழித்த அந்தக் கணத்தில் ஒன்றும் நடக்காது. பிறகெப்போதோ, முற்றிலும் வேறொரு வேலைக்காக அந்த அடுத்த துண்டை ஃப்ரீ செய்யும்போதுதான், இந்த அளவு செல்லாது என்று ஜிலிப்சி நிரலை நிறுத்துகிறது. சேமித்துச் சற்று நேரம் கழித்து விழுகிறது என்று நீங்கள் எழுதியது இதனால்தான். விழுந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் ஒருநாளும் தெரியாது.

விண்டோஸிலும் இதே பிழை இருந்தது. 8-பிட் குறியாக்கத்தில் ஊர்ப்பெயர்கள் சில பைட்டுகளில் அடங்கிவிட்டன. அங்கேயும் கேட்ட அளவு மேல்நோக்கி முழுமையாக்கப்படுவதால் பெரும்பாலான பெயர்களுக்கு உபரி கிடைத்திருக்கும். எப்போதாவது விழுந்திருந்தாலும், கணினியை அணைத்துப் போட்டு வேலையைத் தொடர்ந்திருப்பீர்கள்.

திருத்தம் எளிது: நீளத்தோடு 1 கூட்டிக் கேளுங்கள். ஸ்டிர்டப் என்ற செயற்கூறு இதையே செய்து தரும். விண்டோஸில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தாமல், ஸ்டிர்லென்னும் மாலக்கும் அருகருகே வரும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். ஒருவர் ஒரு முறை இப்படி எழுதியிருந்தால், அதே கோப்பில் பத்து இடங்களில் எழுதியிருப்பார்.

கேள்வி: லினக்ஸில் எழுதிய கணக்கு நிரலை மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டூடியோவில், பிழை தேடுவதற்கான டீபக் முறையில் கம்பைல் செய்து ஓட்டினேன். 0 என்று தொடங்க வேண்டிய எண்ணிக்கை −842150451 என்று தொடங்குகிறது. விண்டோஸ் ஏன் இந்த எண்ணைப் போடுகிறது? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்த எண்ணை விண்டோஸ் வேண்டுமென்றே உங்கள் கண்ணில் படுமாறு போட்டிருக்கிறது. மைக்ரோசாப்டின் டீபக் சி நூலகம், மாலக் வழியாகத் தரும் ஒவ்வொரு பைட்டையும் 205 என்ற மதிப்பால் நிரப்பித் தருகிறது. அப்படிப்பட்ட 4 பைட்டுகளைக் குறியுள்ள முழு எண்ணாகப் படித்தால் −842150451 என்று வரும். நிரலில் இந்த எண் தலைகாட்டினால், மாலக்கிடம் வாங்கிய இடத்தில் எதையும் எழுதாமலேயே படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

லினக்ஸில் அது 0 ஆக இருந்தது தற்செயல். இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, புதிதாகத் தரும் நினைவகப் பக்கங்களை, பிற ப்ராசஸ்களின் தகவல் கசியாமலிருக்கச் சுழியமாக்கியே தருகிறது. நிரல் தொடங்கியதும் வாங்கும் இடம் அப்படிப்பட்ட புதிய பக்கத்திலிருந்து வருவதால் 0 கிடைக்கிறது. அதே நிரல் சற்று நேரம் ஓடி, முன்பு விடுவித்த ஒரு துண்டே மீண்டும் கைக்கு வரும்போது, லினக்ஸிலும் பழைய குப்பைதான் இருக்கும். சுழியம் வேண்டுமென்றால் மாலக்குக்குப் பதிலாகக் காலக் என்ற செயற்கூறு கொண்டு கேளுங்கள். அது எந்த இயங்குதளத்திலும் சுழியமாக்கித் தர வேண்டும் என்பது சி மொழியின் தரவரையறை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பட இறக்குமதிக்கென ஒரு நூலகம் வைத்திருக்கிறோம். அது படத்தைப் படித்து, தானே மாலக் செய்த இடத்தில் வைத்து, அந்த இடத்தின் முகவரியான பாயிண்டரைத் திருப்பித் தரும். முதன்மை நிரல் வேலை முடிந்ததும் அதை ஃப்ரீ செய்யும். லினக்ஸில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸில் அதே நூலகத்தை டி.எல்.எல். (விண்டோஸின் பகிர்வு நூலகக் கோப்பு) ஆக்கியதும், ஃப்ரீ செய்யும் வரியிலேயே டீபக் எச்சரிக்கை வந்து நிற்கிறது. வெளியீட்டுக்கான ரிலீஸ் முறையில் ஓடுகிறது. ரிலீஸாகவே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாமா? — ஒரு வாசகர், சென்னை

பதில்: கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; காரணம் பின்வருமாறு.

லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்குள் எத்தனை பகிர்வு நூலகங்கள் இருந்தாலும், மாலக், ஃப்ரீ என்ற பெயர்கள் வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரே சி நூலகத்தில் போய்ச் சேருகின்றன. யார் வாங்கினாலும், யார் திருப்பிக் கொடுத்தாலும், கணக்குப் புத்தகம் ஒன்றுதான். விண்டோஸில் ஒவ்வொரு டி.எல்.எல்.லும் எந்த சி நூலகத்தோடு இணைக்கப்பட்டதோ அதன் மாலக்கையே அழைக்கும். சி நூலகத்தை டி.எல்.எல்.லுக்குள்ளேயே வைத்து இணைத்திருந்தால், அந்த டி.எல்.எல்.லுக்கென ஒரு தனி மாலக்கும், தனிக் கணக்கும் இருக்கும். முதன்மை நிரல் தன்னுடைய ஃப்ரீயை அழைக்கும்போது, தான் கொடுக்காத ஒன்றைத் திருப்பி வாங்கச் சொல்கிறீர்கள். ஒரு கடையில் வாங்கிய பொருளை வேறொரு கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது இது.

ரிலீஸில் ஏன் ஓடியது என்றால், விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் வரும் சி நூலகத்தில், மாலக் என்பது ப்ராசஸ் முழுவதற்கும் பொதுவான ஹீப்பிலிருந்தே இடம் எடுக்கிறது. இரண்டு கடைகளுக்கும் கிடங்கு ஒன்றாக அமைந்துவிட்டதால் பொருள் தற்செயலாகச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டீபக் முறையில் ஒவ்வொரு நூலகமும் துண்டின் முன்னால் தன் சொந்தக் குறிப்பை எழுதி, தன் பட்டியலிலும் சேர்த்து வைத்துக்கொள்வதால் உடனே பிடித்துவிடுகிறது. நாளை அந்த டி.எல்.எல்.லை மின்ஜிடபிள்யூ போன்ற வேறொரு கம்பைலரில், வேறொரு சி நூலகத்தோடு ஒருவர் கட்டினாலோ, வாடிக்கையாளர் ஒரு பக்கம் டீபக், மறுபக்கம் ரிலீஸ் என்று கலந்தாலோ, இந்தத் தற்செயல் தொடரும் என்று நம்புவதற்கு ஒன்றும் இல்லை.

சரியான வழி, யார் கொடுத்தாரோ அவரே திரும்ப வாங்கிக்கொள்வது. உங்கள் நூலகத்திலேயே ‘படத்தை விடுவி’ என்று ஒரு செயற்கூறு எழுதி வெளியே கொடுங்கள். அதற்குள் இருக்கப்போவது ஃப்ரீயை அழைக்கும் ஒரே வரிதான். அந்த ஒரு வரி நூலகத்துக்குள் இருப்பதால், அது நூலகத்தின் சொந்த ஃப்ரீயை அழைக்கும். எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தள நூலகம் இப்படித்தான் செய்கிறது: அது ஒதுக்கித் தரும் பிழைச் செய்தி போன்றவற்றை எஸ்.க்யூ.லைட்3_ஃப்ரீ என்ற அதன் சொந்தச் செயற்கூறு வழியாகவே விடுவிக்க வேண்டும். தரவைச் சுருக்கும் ஸீலிப் நூலகம் வேறு வழியில் போகிறது: இடம் வாங்கும் செயற்கூறையும் விடுவிக்கும் செயற்கூறையும் அழைப்பவரே பாயிண்டராகக் கொடுத்துவிடலாம். எத்தனையோ இயங்குதளங்களில் இந்த இரண்டும் வலி இல்லாமல் ஓடுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

விண்டோஸின் சொந்தச் செயற்கூறுகளிலும் இதே ஒழுங்கு உண்டு. பிழைச் செய்தியை உருவாக்கித் தரும் ஃபார்மேட்மெசேஜ், தானே இடம் ஒதுக்குமாறு கேட்கப்பட்டால், அந்த இடத்தை லோக்கல்ஃப்ரீ கொண்டு விடுவிக்க வேண்டும். சிஸ்அலக்ஸ்டிரிங் தந்த சரத்தை சிஸ்ஃப்ரீஸ்டிரிங் கொண்டுதான் விடுவிக்க வேண்டும். லினக்ஸ் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஃப்ரீ என்று எழுதிவிடுவது, மாற்றும் வேலையில் நான் மிகுதியாகக் காணும் தவறு. சி++ எழுதுபவர்கள், நியூ கொண்டு வாங்கியதை ஃப்ரீ கொண்டு விடுவிப்பதும் இதே வகைதான். ஜிலிப்சியின் மேல் அது வழக்கமாக ஓடிவிடுவதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: ஒரு தொடர்பட்டியலை விடுவிக்கும்போது, முதல் கணுவை ஃப்ரீ செய்துவிட்டு, அதே கணுவில் இருக்கும் ‘அடுத்தது’ என்ற பாயிண்டரைப் படித்து அடுத்ததற்குப் போகிறோம். பழைய கணினியில் பல ஆண்டுகள் ஓடியது. புதிய லினக்ஸில் இரண்டாவது சுற்றிலேயே விழுகிறது. — ஒரு வாசகர், மதுரை

பதில்: திருப்பிக் கொடுத்துவிட்ட வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்கள். புதிதாகக் குடிவந்தவர் பொருளை மாற்றி வைக்காதவரை உங்கள் பொருளே அங்கே இருக்கும். அவ்வளவுதான் அந்தப் பழைய கணினி தந்த உறுதி.

ஜிலிப்சி 2017-இல் வந்த 2.26 பதிப்பிலிருந்து, விடுவித்த சிறு துண்டுகளை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வோர் இழைக்கும்) ஒரு தனிப் பட்டியலில் கோத்து வைக்கிறது. அந்தக் கோவையின் பாயிண்டரை, விடுவித்த துண்டின் முதல் 8 பைட்டிலேயே எழுதிவிடுகிறது. உங்கள் கணுவில் ‘அடுத்தது’ என்பது முதல் உறுப்பாக இருந்தால், ஃப்ரீ திரும்பி வரும்போதே அது அழிந்திருக்கும். அந்தத் தனிப் பட்டியல் காலியாக இருந்த நேரமானால், சில பதிப்புகளில் அங்கே சுழியம் எழுதப்படும். உங்கள் சுற்று ஒரு கணுவோடு அமைதியாக முடிந்து, மீதிப் பட்டியல் முழுவதும் விடுவிக்கப்படாமல் தங்கிவிடும். விழாமல் கசிந்துகொண்டிருக்கும் இந்த நிலை, விழுவதைவிடக் கெட்டது. 2020-இல் வந்த 2.32 பதிப்பிலிருந்து அந்தப் பாயிண்டரைப் பாதுகாப்புக்காக உருமாற்றி எழுதுகிறார்கள்; அதை முகவரி என்று நினைத்துப் போனால் நிரல் உடனே விழும். உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஃப்ரீ செய்வதற்கு முன்பே ‘அடுத்தது’ என்பதை வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு. சிம்சிட்டி விளையாட்டு, விடுவித்த நினைவகத்தை உடனேயே படித்துக்கொண்டிருந்தது. முந்தைய விண்டோஸில் அது ஓடியது, விண்டோஸ் 95-இல் ஓடவில்லை. ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, அப்படியானால் நினைவகத்தை உடனே விடுவிக்காத தனி முறை ஒன்றை மைக்ரோசாப்ட் தன் இயங்குதளத்திலேயே சேர்த்தது என்பது நிரலாளர்கள் நன்கு அறிந்த செய்தி. நம் நிரல்களுக்கு அப்படி யாரும் செய்து தரப்போவதில்லை.

கேள்வி: 64-பிட் லினக்ஸில் ஓடும் நிரல், 64-பிட் விண்டோஸில் பாயிண்டரை மேல்பாதி வெட்டிவிட்டதுபோல் காட்டுகிறது. — ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: லாங் வகை மாறியில் பாயிண்டரைச் சேமித்திருப்பீர்கள். 64-பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 64-பிட் விண்டோஸில் அது 4 பைட்தான். முகவரியைச் சேமிக்க யுஇன்ட்பிடிஆர்_டி வகையையும், நினைவக அளவைச் சேமிக்க சைஸ்_டி வகையையும் பயன்படுத்துங்கள். மிகப் பழைய நிரலாக இருந்தால், ஸ்டிட்லிப் தலைப்புக் கோப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால், பழைய சி விதிப்படி மாலக் ஓர் இன்ட் எண்ணைத் தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொண்டு, பாயிண்டரின் மேல்பாதியை எறிந்துவிடும். 32-பிட் கணினியில் இரண்டும் 4 பைட் என்பதால் இந்தப் பிழை தெரியாமலே இருந்திருக்கும்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ஓடிய எங்கள் சேவையை லினக்ஸுக்கு மாற்றினோம். பல த்ரெட்டுகள் ஓடும் சேவை இது. பகலில் நினைவகப் பயன்பாடு ஏறுகிறது. இரவில் வேலையே இல்லாதபோதும் இறங்குவதில்லை. கசிவு இருக்கிறதா என்று ஒரு மாதமாகத் தேடுகிறோம், ஒன்றும் கிடைக்கவில்லை. — ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: கசிவே இல்லாமலும் இப்படி ஆகும். ஃப்ரீ என்று சொன்னால் நினைவகம் சி நூலகத்துக்குத் திரும்புகிறது. அங்கிருந்து கெர்னலுக்குத் திரும்புமா என்பது வேறு கேள்வி.

ஜிலிப்சி தொடக்கத்தில் 128 கிலோபைட்டுக்குக் குறைவான கோரிக்கைகளைத் தன் ஹீப்பிலிருந்து தருகிறது. அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கெர்னலிடம் எம்மேப் வழியாகத் தனி இடம் வாங்கித் தருகிறது. எம்மேப் வழியாக வந்தது ஃப்ரீ செய்த உடனே கெர்னலுக்குப் போய்விடும். ஆனால் அப்படிப்பட்ட பெரிய துண்டு ஒன்றை விடுவித்ததும், இந்த அளவு அடிக்கடி தேவைப்படும் போலிருக்கிறது என்று கருதி, ஜிலிப்சி தன் எல்லையையே உயர்த்திக்கொள்கிறது; 64-பிட் கணினியில் அது 32 மெகாபைட் வரை ஏறக்கூடும். அதன்பின் அதே அளவுள்ள துண்டுகள் ஹீப்பிலிருந்தே வரத் தொடங்கும். ஹீப்போ மேல் நுனியிலிருந்துதான் தானாகச் சுருங்கும். நுனிக்கு அருகில் ஒரு சிறு துண்டு உயிரோடு இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள காலி இடமெல்லாம் அப்படியே நிற்கும்.

த்ரெட்டுகள் இதைப் பெரிதாக்குகின்றன. ஒன்றையொன்று காத்திருக்காமலிருக்க, த்ரெட்டுகளுக்கு ஜிலிப்சி அரீனாக்கள் என்ற தனித்தனி ஹீப் பகுதிகளைத் தருகிறது. 64-பிட் கணினியில் செயலிக் கருக்களின் எண்ணிக்கையைப்போல் 8 மடங்கு வரை அரீனாக்கள் உருவாகலாம். 16 கருக்கள் உள்ள சர்வரில் 128 அரீனாக்கள்; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காலி இடம் தேங்கினாலே பெரிய தொகை. முதலில் மாலக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வேலை குறைந்த நேரத்தில் மாலக்_ட்ரிம் என்ற செயற்கூறை அழைத்தால், நடுவில் தேங்கிய முழுப் பக்கங்களையும் ஜிலிப்சி கெர்னலுக்குத் திருப்பும். இவற்றால் பயன்பாடு இறங்கினால், நீங்கள் தேடிய கசிவு இல்லை என்று அறியலாம். சேவையை ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையின் கன்டெய்னரில் வைத்திருந்தால் இவை எதுவும் செல்லாது; அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறொரு சி நூலகம். லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மாறினாலும் ஹீப் மாறும் என்பதற்கு அது நல்ல சான்று.

எதிர்த்திசையில் மாற்றுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸ் கெர்னல், வழக்கமான அமைப்பில், கையிருப்பைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். மாலக் பாயிண்டரைத் தந்துவிடும். பக்கத்தைத் தொட்டு எழுதும்போதுதான் உண்மையான நினைவகம் ஒதுக்கப்படும். அப்போது இல்லையென்றால் ஏதோ ஒரு ப்ராசஸ் கொல்லப்படும். விண்டோஸ் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. நினைவகமும் பேஜ் கோப்பும் சேர்ந்த கொள்ளளவுக்குள் அடங்காத கோரிக்கை அப்போதே தோற்றுவிடும். ஆகவே, பெரும்பகுதி காலியாகவே கிடக்கும் பிரம்மாண்டமான அணியை லினக்ஸில் மாலக் செய்து பழகிய நிரல், விண்டோஸில் தொடங்கவே மறுக்கலாம். அங்கே விர்ச்சுவல்அலக் கொண்டு முகவரிப் பரப்பை மட்டும் முதலில் பிடித்து வைத்து, தேவைப்படும் பகுதியை அவ்வப்போது உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் ப்ராசஸை நகலாக்கி, சேய் ப்ராசஸ் தாயின் ஹீப்பை அப்படியே படிக்கும் முறையில் எங்கள் நிரல் அமைந்திருக்கிறது. தரவு பெரிதல்ல. விண்டோஸில் ஃபோர்க் இல்லை. என்ன செய்யலாம்? — ஒரு வாசகர், கோவை

பதில்: இந்தக் கடிதங்களிலேயே கடினமான வேலை உங்களுடையதுதான், ஏனென்றால் இங்கே திருத்துவதற்குப் பிழை ஒன்றும் இல்லை, நிரலின் வடிவமே லினக்ஸை நம்பி இருக்கிறது. ஃபோர்க் செய்ததும் தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. யாராவது எழுதும்போதுதான் அந்தப் பக்கம் மட்டும் நகலாகிறது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் தரவை வட்டில் சேமிப்பது இந்த வசதியால்தான்: சேய் உறைந்த காட்சியை எழுதிக்கொண்டிருக்க, தாய் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மைக்ரோசாப்டின் திறமூலக் குழு ரெடிஸை விண்டோஸுக்கு மாற்றியபோது, ஹீப் முழுவதையும் நினைவகத்தில் பொருத்திய ஒரு கோப்புக்குள் வைத்து, அதைச் சேய் ப்ராசஸோடு பகிர்ந்து, எழுதும்போது நகலாகும் தன்மையைத் தாங்களே அமைத்தார்கள். மாலக்குக்குக் கீழே இருக்கும் அடித்தளத்தையே அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது.

போஸ்ட்கிரெஸ்க்யூ.எல். என்ற தரவுத்தளம் 2005-இல் வந்த 8.0 பதிப்பில் விண்டோஸுக்கு நேரடியாக வந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஃபோர்க் செய்வதற்குப் பதிலாக, அங்கே ஒரு புதிய ப்ராசஸைத் தொடங்கி, தேவையான நிலையைத் தனியே கொடுத்தனுப்புகிறார்கள். பகிர்ந்த நினைவகத்துக்குள் பாயிண்டர்கள் இருப்பதால், அது எல்லா ப்ராசஸ்களிலும் ஒரே முகவரியில் அமர வேண்டும். ஏதாவது ஒரு டி.எல்.எல். முந்திக்கொண்டு அந்த முகவரியைப் பிடித்துவிடாமல், புதிய ப்ராசஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்து வைக்கிறார்கள். உங்கள் தரவு பெரிதல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த இரண்டு வழிகளிலும் போக வேண்டாம். சேய்க்குத் தேவையான தரவைப் பகிர்ந்த நினைவகத்தில் தனியே நகலெடுத்து, பாயிண்டர்களுக்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற தொலைவுகளைச் சேமித்து அனுப்புங்கள். தொலைவு எந்த முகவரியில் அமர்ந்தாலும் மாறாது.

கேள்வி: மாலக்கிடம் 0 பைட் கேட்பது தவறா? ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ். இயங்குதளத்தில் நினைவகம் போதவில்லை என்று எங்கள் நிரல் நின்றுவிடுகிறது. — ஒரு வாசகர், மும்பை

பதில்: தவறில்லை, ஆனால் வெற்றுப் பாயிண்டரோ, படிக்கக் கூடாத வேறொரு பாயிண்டரோ எது வந்தாலும் சரி என்று தரவரையறை விட்டுவிட்டது. ஜிலிப்சி இரண்டாவதைத் தருகிறது, ஏ.ஐ.எக்ஸ். வழக்கமாக முதலாவதைத் தருகிறது. அதை உங்கள் நிரல் பற்றாக்குறை என்று படிக்கிறது. 0 வந்தால் 1 என்று கேட்டுவிடுங்கள். வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரியாலக்குக்கு 0 கொடுப்பதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்: சில இடங்களில் அது விடுவிக்கும், சில இடங்களில் சிறு துண்டு ஒன்றைத் தரும், சி23 தரவரையறையில் அது வரையறுக்கப்படாத செயல் ஆகிவிட்டது.

கேள்வி: நிரலை மாற்றும் முன்பே இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியாதா? — ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியும், பெரும்பகுதியை முடியும். மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன், பழைய இயங்குதளத்திலேயே, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஒரு வாரம் ஓட்டுங்கள். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும் இது பல ஆண்டுகளாக இருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோ 2019-இன் 16.9 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் தொடக்கூடாத ஓரம் ஒன்றை இது வைப்பதால், திருச்சி வாசகரின் நிரலில் மதுரை என்ற பெயரே 16-ஆவது பைட்டில் பிடிபட்டிருக்கும். எந்த வரி எழுதியது, எந்த வரி அந்த இடத்தை வாங்கியது என்று இரண்டையும் காட்டியிருக்கும். மதுரை வாசகரின் தொடர்பட்டியலையும் முதல் சுற்றிலேயே நிறுத்தியிருக்கும்.

எழுதாமலே படிக்கும் ஈரோட்டு வாசகரின் பிழையை அட்ரஸ் சானிடைசர் பிடிக்காது. அதற்கு லினக்ஸில் வால்கிரைண்ட் என்ற கருவி வேண்டும். நிரலை மெதுவாக்கினாலும், மீண்டும் கம்பைல் செய்யாமலே ஓட்டலாம். மூல நிரல் கையில் இல்லாத டி.எல்.எல்.களோடு வேலை செய்பவர்கள், விண்டோஸின் ஜிஃப்ளாக்ஸ் கருவியில் பேஜ்ஹீப்பை இயக்கிப் பாருங்கள். அது ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் வைத்து, அடுத்த பக்கத்தைத் தொடவே முடியாதபடி பூட்டிவிடும். நினைவகம் மிக அதிகமாகச் செலவாகும் என்பதால், சந்தேகப்படும் நிரலுக்கு மட்டும் அதை இயக்கி, சோதனை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.